நெய் ஊற்றி வளர்த்த அறியாமை

(கரிவலம்வந்தநல்லூரில் நடந்த வாசகசாலை ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'அறிவும் அறியாமையும்'. அறிவைப் பற்றிப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அறியாமையைப் பற்றிப் பேசுவது என்று வந்துவிட்டால் நான் யாருக்கும் பின்வாங்குகிறவன் அல்ல. (சிரிப்பு) முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தேன். பையன்களுடைய அறியாமையைப் போக்குவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதில் பாதி நேரம் நான் என்னுடைய அறியாமையைத்தான் போக்கிக் கொண்டிருந்தேன் என்பது சம்பளம் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. அதுவும் ஒருவகை அறியாமைதான். அதனால் எனக்கு நன்மை உண்டாயிற்று என்பதால் அதைப் பற்றி நான் குறை சொல்வதற்கில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் "கரிவலம்! கரிவலம் எறங்கு!" என்று கூப்பிட்டார். எனக்கு முன் சீட்டில் ஒரு சிறுவன். "கரின்னா என்னப்பா?" என்று அவன் தகப்பனாரைக் கேட்டான். "கரின்னா கரிதாம்ல, அடுப்புக்கரி" என்று அவர் சொன்னார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. கரின்னா யானை. யானை வலம்வந்த நல்லூர் இது. பிள்ளைக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுங்க" என்றார். தகப்பனார் விடுவாரா? "எங்க வீட்டுல யானை எரியல அண்ணாச்சி, கரிதான் எரியுது" என்றார். (பலத்த சிரிப்பு)

நான் வாத்தியார் அல்லவா, சும்மா இருக்க முடியுமா? மூன்றாவது அர்த்தம் ஒன்று இருக்கிறது என்று நடுவில் நுழைந்தேன். பழந்தமிழில் கரி என்றால் சாட்சி. திருக்குறளில் இந்தச் சொல் அந்தப் பொருளில் வருகிறது. ஆக, உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு யானை இருக்கிறது, ஒரு கரித்துண்டு இருக்கிறது, ஒரு சாட்சியும் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக் கொண்டு ஒரு வழக்கையே விசாரிக்கலாம். நான் விசாரிக்கப் போகிற வழக்கும் இந்த ஊரில் நடந்ததுதான்.

இந்த ஊரில் பாண்டிய அரசர் ஒருவர் இருந்தார். வரகுணராமர், வரதுங்கராமர் என்றெல்லாம் அவரைச் சொல்வார்கள். தென்காசிப் பாண்டியர் வழியில் வந்தவர். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியருக்கு உறவினர். 16-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அவருடைய காலம். தாமும் கவிதை எழுதினார். ஏட்டுச் சுவடிகளையும் ஏராளமாகச் சேர்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் இறந்ததும் சொத்து பால்வண்ணநாதர் கோயிலுக்குப் போயிற்று. மகன் இல்லாத மன்னனுக்கு அந்தச் சாமியே மகனாக நின்று கருமம் செய்தார் என்பது ஐதீகம். நிலம், நகையோடு சேர்ந்து ஏடுகளும் கோயிலுக்குப் போயின. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த புத்தகசாலை, ஒரு கட்டடத்தின் இருட்டுக்குள் போய்ப் படுத்துக் கொண்டது.

முந்நூறு வருஷம் கழிந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உ.வே.சாமிநாதையர் பழைய நூல்களைத் தேடி இந்தச் சீமையில் அலைந்தார். அவர் 1855-ல் பிறந்தவர். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தவர். ஒரு நூலுக்கு ஒரு பிரதி போதாது. பத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது கவி எழுதியது, எது கை தவறி வந்தது என்று தெரியும் என்பது அவருடைய முறை. ஆகவே எங்கே ஏடு இருக்கிறது என்று சொன்னாலும் கட்டுச் சோற்றைக் கட்டிக் கொண்டு புறப்பட்டு விடுவார். கருவையிலே பாண்டியருடைய ஏடுகள் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆவலோடு இங்கே வந்தார்.

கோயில் காரியம் பார்த்தவரைக் கேட்டார். என்ன பதில் வந்தது தெரியுமா? ஏடுகள் எல்லாம் குப்பையாகக் கிடந்தன. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாதாம். நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம். அப்படியே குழி வெட்டி, அக்கினி வளர்த்து, ஆகுதி கொடுத்து விட்டோம் என்கிற மாதிரி பதில் வந்தது. சாமிநாதையர் சைவ மடத்தில் படித்தவர். பூஜையில், சாஸ்திரத்தில் நம்பிக்கை உள்ளவர். நம்மைப் போன்ற ஆசாமி அல்ல. அவரே கொதித்துப் போனார். அப்படி ஒரு ஆகமம் இருக்குமானால் முதலில் நெருப்பில் போட வேண்டியது அதைத்தான் என்ற கருத்துப்பட 'என் சரித்திர'த்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பாண்டிய நாட்டுப் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்தைச் சொல்கிறார்கள். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். கரிவலம்வந்தநல்லூர்? நெருப்பு! (சிரிப்பு) ஏடுகளின் ஜாதகத்தைப் பாருங்கள். தாருகாபுரத்துக்குப் போயிருந்தால் நனைந்தாவது பிழைத்திருக்கும்.

இந்த விஷயத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏடுகளை எரித்தவர்கள் முரடர்கள் அல்ல. புத்தகத்தின் மேல் துவேஷம் உள்ளவர்களும் அல்ல. அவர்கள் ஸ்நானம் செய்து, மடி உடுத்தி, மந்திரம் சொல்லி எரித்தார்கள். விலைக்கு விற்கிற நெய்யை ஊற்றி எரித்தார்கள்! சும்மா இருந்திருந்தால் செலவே இல்லை. சோம்பேறிகளாக இருந்திருந்தால் இன்னும் சில நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கும். கடமை தவறாதவர்களாக இருந்தார்கள், அதனால் போயிற்று. அறியாமை என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? அழுக்கு வேட்டி கட்டிக் கொண்டு, வாயைப் பிளந்து கொண்டு தெருவோரத்தில் நிற்கும் என்று நினைக்கிறோம். அப்படி நிற்பது வெறும் 'தெரியாமை'. அதனிடம் ஒரு கெடுதலும் கிடையாது. கேட்டால் "தெரியாதுங்க" என்று சொல்லிவிடும். பட்டை போட்டுக் கொண்டு, புத்தகத்தைக் கையில் பிடித்துக் கொண்டு, 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று உத்தரவு போடுகிறதே, அதுதான் பயப்பட வேண்டிய அறியாமை.

கிரேக்க நாட்டில் சாக்ரடீஸ் என்பவர், தமக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தமக்குத் தெரியும் என்று சொல்லிக் கொண்டு திரிந்தார். கி.மு. 399-ல் அவருக்கு விஷம் கொடுத்தார்கள். எல்லாம் தெரியும் என்று சொன்னவர்கள் யாருக்கும் விஷம் கொடுத்ததாகச் சரித்திரத்தில் நான் படித்ததில்லை. மாலை போட்டதாகப் படித்திருக்கிறேன். எனக்கும் இன்று ஒன்று போட்டிருக்கிறீர்கள். (சிரிப்பு)

'ஆகமம் சொல்கிறதாம்.' அந்த 'ஆம்' என்ற சின்ன எழுத்துக் கூட்டைப் பாருங்கள். தமிழைப் போல யோக்கியமான பாஷை கிடையாது. நான் கண்ணால் காணாததை, காதால் கேட்டதை, 'ஆம்' போட்டுத்தான் சொல்ல முடியும். 'மழை வருகிறது' என்றால் நான் பார்த்தது. 'மழை வருகிறதாம்' என்றால் யாரோ சொன்னது. பொறுப்பு என்னுடையதல்ல என்று பாஷையே முத்திரை குத்தி அனுப்புகிறது. ஆனால் அதே 'ஆம்' தனியாக நின்றால் 'சரி, உண்மை' என்று அர்த்தம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கேள்விப்பட்ட 'ஆம்' கதவைத் தட்டுகிறது. ஒத்துக் கொள்கிற 'ஆம்' கதவைத் திறந்து விடுகிறது. எந்த ஆகமம், எந்தப் படலம், எத்தனையாவது சுலோகம், எடுத்துக் காட்டு என்று ஒரு ஆள் கேட்டிருந்தால் அந்தக் குழியில் நெருப்பு மூட்டியிருக்க முடியாது. அன்றைக்கு 'ஆகமத்தில் இருக்கிறதாம்'. இன்றைக்கு 'வாட்ஸ்அப்பில் வந்ததாம்'. நெய் செலவு மிச்சம். மற்றபடி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. (கைதட்டல்)

இந்தக் கதைக்கு ஜோடியாக இன்னொரு கதை உண்டு. எல்லிஸ் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. சென்னையில் கலெக்டராக இருந்தவர், தமிழ் படித்தவர், திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவர், தென்னாட்டு மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-லேயே எழுதியவர். 1819-ல் இராமநாதபுரத்தில் இறந்து போனார். அவர் எழுதி வைத்திருந்த காகிதக் கட்டுகள் மதுரையில் ஒரு துரை வீட்டில் கிடந்தன. அந்த வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அவற்றை அடுப்புப் பற்றவைக்கவும், கோழி மயிரைப் பொசுக்கவும் உபயோகித்தார் என்று சொல்கிறார்கள். சரி, கருவை ஹோமத்தையும் மதுரை அடுப்பையும் தராசில் வையுங்கள். எது மேல்? நான் சமையல்காரர் பக்கம்தான் பேசுவேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. யாரும் அவரிடம் இது இன்னது என்று சொல்லவில்லை. சாஸ்திரத்தின் பேரில் பழி போடவில்லை. குறைந்தபட்சம் கோழியாவது வெந்தது! (நீண்ட சிரிப்பு)

ஆனால் சிரிக்க முடியாத நெருப்பும் ஒன்று இருக்கிறது. 1981-ம் வருஷம் மே கடைசி நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்கள், ஏட்டுச் சுவடிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள் சாம்பலாயின. அங்கே எரித்தவர்களுக்குத் தாங்கள் எரிப்பது என்ன என்று நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் எரித்தார்கள். அதை அறியாமை என்று சொல்லி மன்னித்துவிட முடியாது. கருவையில் எரித்தவர்களுக்கு எரிப்பது என்ன என்று தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். சாம்பல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே நிறம்.

இன்னொரு கேள்வி கேட்கிறேன். முந்நூறு வருஷம் அந்த ஏடுகள் இந்த ஊரிலேயே இருந்தனவே, ஊர் ஜனங்கள் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? உழுது கொண்டிருந்தார்கள், நெய்து கொண்டிருந்தார்கள், மாடு மேய்த்துக் கொண்டிருந்தார்கள். ஏடு கோயிலுக்குள் இருந்தது. கோயில் வாசலைத் தாண்ட ஜனங்களில் பல பேருக்கு உரிமையே இல்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் வந்தது 1947-ல். அதற்குள் ஏடு போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே போக உரிமை உள்ளவர்களுக்குப் படிக்க ஆசை இல்லை. ஆசை வந்திருக்கக் கூடியவர்களுக்கு உள்ளே போக உரிமை இல்லை. பூட்டு அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஏட்டுச் சுவடியோ பூட்டி வைத்தால் நிலைக்கிற பொருள் அல்ல. பனையோலை, பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும், நுனி ஒடியும். யாராவது எடுத்துப் படித்து, எண்ணெய் தடவி, சில தலைமுறைக்கு ஒரு தடவை புது ஓலையில் பிரதி எழுதினால்தான் உயிரோடு இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அன்று மட்டும் படிக்கக் கூடாது என்கிறோம். என்னிடம் படித்த பையன்கள் பல பேர் வருஷம் முழுவதும் சரஸ்வதி பூஜை கொண்டாடியவர்கள். (சிரிப்பு)

அதே பாண்டியர் பேரில் வழங்குகிற நூல்களில் ஒன்று மட்டும் எந்த ஹோமத்துக்கும் தப்பி, ஊர் ஊராகப் பிரதியாகி, அச்சிலும் வந்து, சந்தையிலும் விற்றது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், தாய்மார்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரியாத வாலிபர்கள் தெரிந்தவர்களைக் கேட்காதீர்கள். (சிரிப்பு) தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். படித்ததால் அது பிழைத்தது.

எரிந்து போனதில் என்னென்ன இருந்தது? பட்டியல் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. எனக்கு இதுதான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். சாமிநாதையர் 1894-ல் பதிப்பித்தார். நானூறு பாட்டு. ஆனால் 267, 268 என்ற இரண்டு பாட்டு கிடைக்கவில்லை. 266-க்கு அப்புறம் 269 வருகிறது. நடுவில் இரண்டு எண்கள் காலியாக நிற்கின்றன. பந்தியில் இரண்டு இலை போட்டு ஆள் வராமல் இருப்பது போல. யாரோ வர வேண்டியவர்கள் வரவில்லை என்பதாவது நமக்குத் தெரிகிறது. வளையாபதி என்ற காவியம் போய்விட்டது. ஆனால் பெயர் இருக்கிறது, சில பாட்டுகள் இருக்கின்றன. அதன் ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் இளமையில் பார்த்ததாகவும், பின்னால் தேடியபோது இல்லை என்றும் சாமிநாதையரே எழுதியிருக்கிறார். அதற்காக அழலாம், யாருக்காக அழுகிறோம் என்று தெரியும். கருவைக் குழியில் போனதற்கு எண் இல்லை, பெயர் இல்லை, காலி இலைகூட இல்லை. என்ன தெரியாது என்பதே தெரியாது. வறுமையிலேயே இது அடிமட்ட வறுமை, தோழர்களே. கடன்காரனுக்குக்கூடத் தான் இழந்தது எவ்வளவு என்று கணக்கு இருக்கும்.

போனது போயிற்று, கனவிலாவது வராதா என்று கேட்கலாம். நமது நாட்டில் கனவுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனையோ தலபுராணங்களில் யாரோ ஒருவருடைய கனவில் சாமி வந்து, 'நான் இன்ன புற்றுக்குள் இருக்கிறேன், இன்ன கிணற்றுக்குள் கிடக்கிறேன், எடுத்துக் கோயில் கட்டு' என்று சொல்கிறார். விலாசம் தவறாமல் சொல்கிறார். ஆனால் ஏடு எரிவதற்கு முந்தின இராத்திரி யாருடைய கனவிலாவது வந்து, 'அடேய், அதைத் தொடாதே, அது என் தகப்பன் வீட்டுச் சொத்து' என்று சொன்னாரா? சொல்லவில்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்கிற வரையில் வாரம் தவறாமல் வாங்கியவர். ஒரு நாள் விடியற்காலம் கனவில் பரிசு நம்பரே வந்துவிட்டது. ஆறு இலக்கம். ஐந்து இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஆறாவதைப் பார்க்கப் போகும்போது மனைவி எழுப்பிவிட்டாள். அன்று முழுவதும் வீட்டில் சண்டை. மத்தியானம் ஆறாவது இலக்கத்தைப் பார்ப்பதற்காக வேலைக்குப் போகாமல் மறுபடியும் படுத்தார். இரண்டாவது கனவில் கடன் கொடுத்தவர் வந்தார். (சிரிப்பு) கனவு முழுப் பொய் என்று சொல்ல முடியாது பாருங்கள். கடன்காரர் மறுநாள் நேரிலும் வந்தார்.

கனவில் அறிவு வருமா என்றால், ராமானுஜனைச் சொல்வார்கள். 1887-ல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தருகிறாள் என்று அவர் சொல்லி வந்தார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நாமக்கல்லில் தாயாரைக் கும்பிட்டவர்கள் லட்சக்கணக்கான பேர். மற்றவர்கள் கனவில் வந்து குழந்தை வரம் கொடுத்தாள், நோய்க்கு மருந்து சொன்னாள். கணக்கு மட்டும் ஏன் ராமானுஜனுக்கு? பதினைந்து, பதினாறு வயதில் அவர் கையில் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. அதைப் பகலும் இரவும் போட்டுக் கடைந்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். முழங்கை கறுத்துப் போன பிறகுதான் கனவு வந்தது. கனவு வட்டி கொடுக்கும் பாங்கி. முதல் போடாதவனுக்கு அங்கே கணக்கே கிடையாது.

இதில் இன்னும் ஒரு ருசி உண்டு. 1913-ல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில தப்பு என்று ஹார்டி கண்டுபிடித்தார். தாயார் சொன்னால் என்ன, யார் சொன்னால் என்ன? விடிந்த பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ராமானுஜனும் அதற்காகக் கோபித்துக் கொள்ளவில்லை. ஹார்டியோடு உட்கார்ந்து வேலை செய்தார்.

அவர் 1920-ல் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், வாட்ஸன் என்ற கணிதப் பேராசிரியரிடம் இருந்தன. வாட்ஸன் 1965-ல் இறந்தார். அவர் வீட்டு அறையில் ஓரடி உயரத்துக்குக் காகிதம் தாறுமாறாகக் கிடந்தது. சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிடுவதாக ஏற்பாடு! கேட்டீர்களா? அங்கே ஆகமம் இல்லை, நெய்யும் இல்லை; காகிதத்துக்கு நெருப்பு என்ற புத்தி மட்டும் உலகம் பூராவும் ஒன்று. விட்டேகர் என்ற கணிதக்காரர் அங்கே போனார். குவியலுக்குள் கையை விட்டார். வந்தது ராமானுஜன் கைப்பிரதி! அது கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்துக்குப் போயிற்று. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து இன்னது என்று கண்டுகொண்டார். அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். இன்னும் அதை வைத்துக் கொண்டு வேலை செய்கிறார்கள். தாயார் கொடுத்தாள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். கொடுத்ததைக் காப்பாற்றியது குப்பைக்குள் கையை விட்ட ஒரு மனிதன், பெட்டியில் வைத்த ஒரு நூலகம், எடுத்துப் படித்த ஒரு வாத்தியார்.

இதுவரையில் பிறத்தியாரைப் பற்றிப் பேசினேன். கோயில்காரர்களைக் கேலி செய்தேன், நீங்களும் சிரித்தீர்கள். இப்போது நான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். ஊர்ப் பெயரில் சாட்சி இருக்கிறது என்று சொன்னேனே, அதற்காக.

என் தாத்தா மாட்டு வைத்தியர். இங்கிருந்து சில மைல் தூரத்தில் எங்கள் ஊர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவர். மாட்டுக்கு என்ன வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நடந்தே போவார். கூலி என்று கேட்க மாட்டார். நெல்லோ, கம்போ கொடுத்ததை வாங்கி வருவார். அவரிடம் நீளமான பேரேடு ஒன்று இருந்தது. பழுப்பு அட்டை. ஊதாப் பென்சிலால் எழுதுவார். எழுதும்போது பென்சிலை நாக்கில் தொட்டுக் கொள்வார். அதனால் உதடு எப்போதும் ஊதாவாக இருக்கும். எந்த மாட்டுக்கு என்ன கொடுத்தார், கேட்டதா கேட்கவில்லையா என்று அதில் குறித்து வைப்பார். இது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னார். நான் ஒரு பக்கம் கூடப் படித்ததில்லை.

அவர் இறந்து சில வருஷம் கழித்து நான் காலேஜில் பி.எஸ்ஸி. படித்துக் கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணை ஒழித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. விஞ்ஞானம் படிக்கிற பையன். பழைய சாமான் என்றாலே எனக்கு இளக்காரம். எடுத்ததை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். "என்னலே அது, தாத்தா நோட்டா?" என்று அம்மா கேட்டாள். "பழைய குப்பைம்மா" என்றேன். தண்ணீர் நன்றாகக் காய்ந்தது. பொங்கல் குளியல் குளித்தேன். நெய்கூட ஊற்றவில்லை தோழர்களே. மந்திரம் சொல்லவில்லை. கருவைக்காரர்கள் மரியாதையாகச் செய்ததை நான் மரியாதை இல்லாமல் செய்தேன். அவர்களுக்கு ஆகமம், எனக்கு பி.எஸ்ஸி.

பத்து வருஷம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. "தம்பி, மாட்டுக்கு வயிறு ஊதிக் கெடக்கு. ஒங்க தாத்தா முன்னாடி ஒரு கசாயம் குடுத்து எந்திரிக்க வச்சாக. நோட்டுல எழுதிருந்தாகளே. அத எடுத்துப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். நான் நின்றேன். "நோட்டு காணாமப் போச்சு பெரியப்பா" என்றேன். எரித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "காணாமப் போச்சா?" என்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார்.

அன்று இரவு கனவு கண்டேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உதடு ஊதா. நோட்டை என்னிடம் நீட்டுகிறார். எனக்கு ஒரே சந்தோஷம். எரியவில்லை, இருக்கிறது! அவசரமாகப் பிரித்தேன். 'வயிற்று உப்புசம்' என்று தலைப்பு. அவருடைய கையெழுத்தேதான். கீழே படித்தேன். 'ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு' என்று இருந்தது! (சிரிப்பு) அடுத்த பக்கம் புரட்டினேன். ஓம் விதி. அதற்கடுத்த பக்கம் அந்த வருஷத்து எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு. முழு நோட்டையும் புரட்டிவிட்டேன். நான் அறிந்ததைத் தவிர வேறு ஒரு எழுத்து அதில் இல்லை. இருக்க முடியாது. கனவில் நோட்டை எழுதுகிறவன் யார்? நான்தான். நான் படிக்காத நோட்டை நான் எப்படி எழுத முடியும்? தாத்தா சும்மா பார்த்துக் கொண்டே இருந்தார். அந்த மனிதர் ஜீவித்திருந்தபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'என்ன தாத்தா எழுதுறீங்க?' என்று எட்டிப் பார்த்திருந்தால், கனவில் எனக்கு ஒரு பக்கமாவது கிடைத்திருக்கும்.

மாடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிழைத்துவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். ஆகவே தாத்தா நோட்டில் இருந்தது எல்லாம் தேவாமிர்தம் என்று நான் பெருமை பேச வரவில்லை. அதில் பத்துக்கு ஆறு வெறும் நம்பிக்கையாக இருந்திருக்கலாம். சில மருந்து மாட்டுக்குக் கெடுதலே செய்திருக்கலாம். ஆனால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருந்தாரே! அதுதானே விஞ்ஞானம்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்த கிழவர் பரிசோதனை செய்து குறிப்பு எழுதினார், பி.எஸ்ஸி. படித்த பேரன் அதை எடுத்து அடுப்பில் போட்டான். எங்கள் இரண்டு பேரில் விஞ்ஞானி யார் என்று பரீட்சைக் கேள்வி கொடுத்தால், நான் மார்க் போடுகிற வாத்தியாராக இருந்தாலும் எனக்கு மார்க் போட மாட்டேன்.

அந்தப் பெரியவரும் இறந்துவிட்டார். "காணாமப் போச்சு" என்று சொன்னது பொய் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது, ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் சொல்லி உட்காருகிறேன். இந்த வாசகசாலை வாலிபர்கள் இருநூறு பக்கத்தில் தடித்த நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். ஊரில் யார் வீட்டில் பழைய ஏடு, பத்திரம், கடிதக்கட்டு, பாட்டு நோட்டு, வைத்திய நோட்டு இருந்தாலும், யாருக்கு நடவுப் பாட்டு, ஒப்பாரி தெரிந்தாலும், பெயரைப் பதிந்து கொள்வதாக ஏற்பாடு. பொருளை அவரவர் வீட்டிலேயே வைத்துக் கொள்ளலாம். பட்டியல் இங்கே இருக்கும். முதல் பக்கத்தில் முதல் வரியை எழுதச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். நல்ல வாசகமாக, ஏதாவது பொன்மொழியாக எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. மேடைக்கு வருவதற்கு முன் எழுதிவிட்டுத்தான் வந்தேன். 'எண் 1. மாட்டு வைத்தியப் பேரேடு. பழுப்பு அட்டை. ஊதாப் பென்சில் எழுத்து. எரிந்தது. எரித்தவர்:' என்று போட்டு என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். 'உள்ளே இருந்தது' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)